எஞ்சி நிற்பதே அளவுகோல்: கம்பம் பள்ளத்தாக்கின் நொதிநீரும் வேதி முன்சுத்திகரிப்பும்

பீர், ஒயின், திராட்சைச் சாறு, காப்பி ஆகிய நான்கும் சந்தையில் வெவ்வேறு பொருள்கள். ஆனால் அவற்றைத் தயாரித்த பின் வெளியேறும் கழிவுநீர் ஒரே இயல்புடையது: சர்க்கரை கரைந்த நீர், நொதித்துப் புளிக்கும் நீர், ஈஸ்ட் மண்டியும் தோலும் சக்கையும் மிதக்கும் நீர். தமிழ்நாட்டின் பீர் ஆலைகள் பெரும்பாலும் வட மாவட்டங்களில் இருக்கின்றன. தேனி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வேறு வடிவில் வருகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி, நாராயணத்தேவன்பட்டி எனக் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பன்னீர் திராட்சை விளைகிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சையிலிருந்து ஒயின் செய்யும் தொழிலும் இங்கே கால் வைத்துவிட்டது. போடி மலைகளிலும் மேகமலையிலும் அகமலைச் சரிவுகளிலும் காப்பிப் பழம் அலசப்படுகிறது. விளைபொருளை மூட்டையாக விற்பதைவிடப் பதப்படுத்தி விற்றால்தான் விவசாயிக்கு விலை நிற்கும் என்பது நியாயமான கோரிக்கை. அந்தக் கோரிக்கை நிறைவேறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கழிவுநீர்த் தொட்டி கட்டப்படும். அந்தத் தொட்டிக்குள் முதலில் எதைக் கொட்டுவது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

வழக்கமான விடை எளியது: படிகாரம் போடு, சுண்ணாம்பு போடு, புளிப்பு ஏறினால் காஸ்டிக் ஊற்று, காரம் ஏறினால் அமிலம் ஊற்று, தெளிந்த நீரை அடுத்த தொட்டிக்கு அனுப்பு. இதைத்தான் வேதி முன்சுத்திகரிப்பு என்கிறோம். இது தேவையா என்று கேட்டால், தேவைதான். எந்த அளவுக்கு, எந்தப் பொருளால் என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு வேதிப்பொருள் தொட்டிக்குள் செய்யும் வேலையை மட்டும் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்கிறோம். வேலை முடிந்த பிறகு அது எதுவாக மாறி, எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கைப் போன்ற ஒரு பாசன நிலத்தில், எஞ்சி நிற்பதை வைத்தே வேதிப்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து.

நொதிநீரின் இயல்பு

கழிவுநீரின் சுமையை அளக்க இரண்டு எண்கள் வழக்கத்தில் உள்ளன. நீரில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது பி.ஓ.டி. அதே பொருளை வேதிமுறையில் முழுதாக எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது சி.ஓ.டி. பீர் ஆலைக் கழிவுநீரின் சி.ஓ.டி. பொதுவாக லிட்டருக்கு 2,000 முதல் 6,000 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு லிட்டர் பீருக்கு 4 முதல் 7 லிட்டர் தண்ணீர் செலவாவது வழக்கம். அதில் பெரும்பகுதி கழிவாக வெளியேறும். ஒயின் ஆலை நீரின் சுமை பருவத்துக்கேற்ப இதைவிடக் குறைவாகவும் பல மடங்கு கூடுதலாகவும் இருக்கும். இந்தச் சுமையின் மூலம் எது என்று பார்த்தால் ஒரு முக்கியமான உண்மை தெரியும். லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை கொண்ட திராட்சைச் சாறு ஒரு லிட்டரின் சி.ஓ.டி. ஏறத்தாழ 213 கிராம். அந்த ஒரு லிட்டர் தரையில் சிந்திச் சாக்கடைக்குப் போனால், 5,000 மில்லிகிராம் சுமையுள்ள கழிவுநீர் ஏறத்தாழ 43 லிட்டர் உருவாகிவிடுகிறது. நொதித்து முடிந்த ஒயினாகச் சிந்தினாலும் கணக்கு பெரிதாக மாறாது. ஒரு கிராம் சாராயம் எரிய இரண்டு கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். ஆகவே இந்தத் தொழிலின் கழிவு என்பது பெரும்பாலும் கைநழுவிய சரக்கே.

இரண்டாவது இயல்பு, நீரின் புளிப்பும் காரமும் நேரத்துக்கு நேரம் தாவுவது. பழம் பிழியும்போது வரும் நீர் பி.ஹெச். 3, 4 என்று புளித்திருக்கும். தொட்டிகளையும் குழாய்களையும் காஸ்டிக் சோடாவால் கழுவும்போது அதே வாய்க்காலில் பி.ஹெச். 11, 12 என்று காரம் ஓடும். நுண்ணுயிர்கள், குறிப்பாக மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள், 7-க்கு அருகில்தான் நன்றாக வேலை செய்யும். மூன்றாவது இயல்பு, தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. சர்க்கரை ஏராளமாக இருந்தும் உடலை வளர்த்துக்கொள்ள நைட்ரஜன் இல்லாத நீரில் நுண்ணுயிர்கள் திணறும். பீர் ஆலை நீரில் தானியத்தின் புரதமும் ஈஸ்டும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். பழநீரில் யூரியாவும் பாஸ்பேட்டும் சிறிது சேர்க்க வேண்டியிருக்கும். இதுவும் ஒரு வேதி முன்சுத்திகரிப்பே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது

படிகாரமும் பெர்ரிக் குளோரைடும் வேலை செய்யும் முறை தெளிவானது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு படியாமல் நிற்கும். அலுமினியம், இரும்பு அயனிகள் மூன்று நேர்மின்னூட்டங்களோடு வந்து அந்த விலக்கத்தை அழிக்கின்றன. துகள்கள் திரண்டு கீழே இறங்குகின்றன. ஈஸ்ட் செல்கள், புரதத் திரள்கள், தோல் துணுக்குகள், வடிகட்டியிலிருந்து தப்பிய மண் ஆகியவற்றை இது நன்றாகப் பிடிக்கும். ஆனால் சர்க்கரையும் சாராயமும் துகள்கள் அல்ல. அவை நீரில் முழுதாகக் கரைந்தவை, மின்னூட்டம் இல்லாதவை. எவ்வளவு படிகாரம் கொட்டினாலும் அவை அசையாது. நீர் கண்ணாடிபோல் தெளிந்துவிடும், சுமையின் பெரும்பங்கு அதிலேயே இருக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீர் சுத்தமான நீர் என்ற மயக்கத்தில்தான் வேதி முறைக்குக் கிடைத்த நற்பெயரில் பாதி நிற்கிறது.

கரைந்ததையும் வேதிமுறையால் அழிக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சேர்ந்த பென்டன் முறை, ஓசோன், மின்திரட்டல் எனப் பல முறைகள் ஆய்வகங்களில் நல்ல முடிவு தந்திருக்கின்றன. ஆனால் கணக்கு அவற்றுக்கு எதிராக இருக்கிறது. ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் சி.ஓ.டி. என்று ஒரு சிறிய ஆலையை வைத்துக்கொள்வோம். நாள் சுமை 50 கிலோ. பெராக்சைடின் எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவான பங்குதான் பயன்படும் ஆக்சிஜன். எனவே 50 கிலோவை முழுதும் எரிக்க 106 கிலோ தூய பெராக்சைடு, அதாவது கடையில் கிடைக்கும் ஐம்பது விழுக்காட்டுக் கரைசல் 212 கிலோ, ஒவ்வொரு நாளும் வேண்டும். அதே 50 கிலோவைக் காற்றில்லாத் தொட்டியில் நுண்ணுயிர்களிடம் விட்டால், ஐந்தில் நான்கு பங்கு தீர்ந்தாலும் ஏறத்தாழ 14 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். அது முக்கால் சமையல் எரிவாயு சிலிண்டருக்குச் சமமான எரிபொருள். ஒரே சர்க்கரை, ஒரு வழியில் செலவு, இன்னொரு வழியில் வரவு. வண்ணமோ கசப்புப் பொருளோ கடைசியில் மிஞ்சினால் அதைத் துடைக்க இந்த வேதி முறைகளுக்கு இடம் உண்டு. முதல் படியில் அவற்றுக்கு இடமில்லை.

கந்தகமும் கசடும்

படிகாரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி சல்பேட். லிட்டருக்கு 500 மில்லிகிராம் படிகாரம் போட்டால் 240 மில்லிகிராம் சல்பேட் நீரில் சேர்கிறது. அத்தோடு அந்தப் படிகாரம் 250 மில்லிகிராம் அளவுக்கு நீரின் காரத்தன்மையைத் தின்றுவிடுகிறது. ஏற்கெனவே புளித்த பழநீரில் அந்தக் காரத்தன்மை இருக்காது. ஆகவே படிகாரம் நீரை மேலும் புளிக்கவைக்கும், அதைச் சரிசெய்ய இன்னும் காரம் ஊற்ற வேண்டும். ஒரு வேதிப்பொருள் இன்னொன்றை அழைத்து வருகிறது. காஸ்டிக் கழுவுநீரை நடுநிலையாக்கக் கந்தக அமிலம் ஊற்றும் ஆலைகளிலும் இதுவே நடக்கிறது: ஒரு கிலோ காஸ்டிக்கை அடக்க 1.2 கிலோவுக்குச் சற்று மேல் கந்தக அமிலம், அதிலிருந்து 1.2 கிலோ சல்பேட். இந்த நீர் அடுத்துப் போவது காற்றில்லாத் தொட்டிக்கு. அங்கே சல்பேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேன் நுண்ணுயிர்களோடு உணவுக்குப் போட்டியிடுகின்றன. ஒரு கிராம் சல்பேட் 0.67 கிராம் சி.ஓ.டி.யைப் பறித்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு கிராம் சல்பைடாக மாறுகிறது. அழுகிய முட்டை நாற்றம், துருப்பிடிக்கும் குழாய், குறையும் எரிவாயு, வாயு மிகுந்தால் மீத்தேன் நுண்ணுயிர்களுக்கே நச்சு. பின்னால் வரும் உயிரியல் தொட்டி சரியில்லை என்று பழி விழும். கெடுத்தது முன்னால் போட்ட மருந்து.

கசடும் அப்படித்தான். ஈஸ்ட் மண்டி தனியாகப் பிடிக்கப்பட்டால் அது கால்நடைத் தீவனம், பார்லிச் சக்கையும் அப்படியே. திராட்சைத் தோலும் விதையும் உரக்குழிக்கு ஏற்றவை. அதே மண்டியைப் படிகாரத்தோடும் பெர்ரிக் குளோரைடோடும் சேர்த்துத் தொட்டியின் அடியில் படியவைத்தால் அது வேதிக் கசடு. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வரும் வேதிக் கசடு இடம்பெற்றிருக்கிறது. மாட்டுக்குப் போக வேண்டியது அனுமதி பெற்ற நிலநிரப்பிடத்துக்குப் போகிறது. உரமாக வேண்டியது பாரமாகிறது. துகளைப் பிடிக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சல்லடையும் படிவுத் தொட்டியும் மண்டியைத் தனியே வடிக்கும் பழக்கமும் முதலில் வர வேண்டும். அவை பிடித்த பிறகும் மிச்சமிருக்கும் நுண்துகளுக்கே திரட்டுப்பொருள் வேண்டும்.

அந்தத் திரட்டுப்பொருளிலும் தேனிக்கு ஒரு வழி இருக்கிறது. முருங்கை விதையில் நேர்மின்னூட்டம் கொண்ட புரதம் உண்டு. படிகாரம் செய்யும் வேலையை அது செய்யும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தது தமிழர் வீடுகளில் நெடுங்காலப் பழக்கம். ஆண்டிபட்டி வட்டாரம் முருங்கைக்குப் பெயர் பெற்றது. பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை வகையே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பெயரைத் தாங்கியது. முருங்கை விதைச் சாறு நீரில் சிறிது கரிமப் பொருளைச் சேர்க்கும் என்பது குடிநீரில் அதற்குள்ள குறை. பின்னால் உயிரியல் தொட்டி இருக்கும் இடத்தில் அது குறையே அல்ல, நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து. சல்பேட்டும் இல்லை, உலோகக் கசடும் இல்லை. ஆலை அளவில் இது எவ்வளவு சீராக வேலை செய்யும் என்பதைச் சோதனை செய்தே தீர்மானிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

சோடியக் கணக்கு

இதுவரை சொன்ன கேடுகள் தொட்டிக்குள் நிகழ்பவை. சோடியத்தின் கேடு தொட்டியைத் தாண்டியது. காஸ்டிக் சோடாவின் எடையில் 57 விழுக்காடு சோடியம். அது கழுவும்போதும் அழியாது, அமிலம் ஊற்றி நடுநிலையாக்கினாலும் அழியாது, நுண்ணுயிரும் அதைத் தின்னாது, படிகாரத்தோடு படியவும் படியாது. ஆலைக்குள் மூட்டையாக நுழைந்த சோடியம் அத்தனையும் சுத்திகரிக்கப்பட்ட நீரோடு வெளியே போகிறது. மேலே சொன்ன 10,000 லிட்டர் ஆலை நாளுக்கு 5 கிலோ காஸ்டிக் செலவிடுவதாகக் கொண்டால், கிணற்று நீரில் ஏற்கெனவே உள்ளதைச் சேர்க்காமலேயே லிட்டருக்கு 290 மில்லிகிராம் சோடியம் நீரில் நிற்கும். அந்த நீரில் கால்சியம் 40, மக்னீசியம் 24 மில்லிகிராம் இருந்தால், மண்ணுக்கு உகந்ததா என்று அளக்கும் சோடியம் ஈர்ப்பு விகிதம் 9-ஐத் தொடும். ஒயின் ஆலைகள் நிறைந்த தென்னாப்பிரிக்காவில் கழிவுநீரைப் பாசனத்துக்கு விட இந்த விகிதம் 5-க்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. ஒரு ஹெக்டேர் தோட்டத்துக்கு இந்த நீரை ஆண்டில் 300 நாள் பாய்ச்சினால் 870 கிலோ சோடியம் சேரும். சமையல் உப்பாகக் கணக்கிட்டால் இரண்டு டன்னுக்கு மேல்.

அந்த உப்பு மண்ணில் செய்வது இரண்டு. வேர் நீரை இழுப்பதைக் கடினமாக்குகிறது. களித் துகள்களைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சோடியம் உட்கார்கிறது. களி கலைந்து துளைகள் அடைபட்டு மண் இறுகுகிறது, நீர் இறங்க மறுக்கிறது. நல்ல மழை பெய்யும் நாட்டில் உப்பு கழுவப்பட்டு ஓடிவிடும். கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பது. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு மலைக்கு அப்பாலிருந்து நீர் திருப்பப்பட்டதால்தான் இந்தப் பள்ளத்தாக்கு இன்றைய பசுமையைக் கண்டது. கழுவிச் செல்ல மழை போதாத இடத்தில் உப்பு தங்கும் அல்லது கிணற்றுக்கு இறங்கும். முல்லையாறும் கொட்டகுடி ஆறும் சேர்ந்து பாயும் நீர் 1959 முதல் வைகை அணையில் தேங்கி, மதுரையின் குடிநீராகவும் கீழ் மாவட்டங்களின் பாசனமாகவும் போகிறது. இங்கே கரையும் உப்புக்கு முடிவான இடம் என்று ஒன்று இல்லை. அடுத்த ஊரின் கிணறே அதன் இடம்.

இந்தச் சோடியத்தின் கேட்டைக் குறைக்க வழிகள் உண்டு, அவையும் வேதியியலே. சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியத்தை 100 மில்லிகிராமுக்கு உயர்த்தினால் முன் சொன்ன விகிதம் 9-இலிருந்து 6.7-க்கு இறங்கும். காஸ்டிக்கைப் பாதியாக்கினால் 4.5-க்கு இறங்கும். இரண்டையும் செய்தால் 3.4. கடைசியில் சேர்க்கும் மருந்தைவிட முதலில் சேர்க்காமல் விடும் மருந்துக்கே வலிமை அதிகம் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. காஸ்டிக்கைப் பாதியாக்குவது கடினமல்ல. முதல் அலசலை வெந்நீரில் செய்து, காஸ்டிக் கரைசலை ஒரே கழுவலில் கொட்டாமல் தொட்டியில் சேமித்து வலுவை அளந்து மறுபடி பயன்படுத்தலாம். எஞ்சிய இடங்களில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மாறலாம். ஒரு கிலோ காஸ்டிக் செய்யும் வேலைக்கு 1.4 கிலோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும், விலையும் கூடும். ஆனால் பொட்டாசியம் திராட்சைக்கு வேண்டிய சாம்பல் சத்து, உரச் செலவில் ஒரு பங்கு திரும்பும். பொட்டாசியமும் அளவு மிஞ்சினால் மண்ணின் கட்டமைப்பைக் கெடுக்கும் என்பதால் கொடியின் தேவையைக் கணக்கிட்டே அதை விட வேண்டும்.

திருப்பூர் தரும் சான்று

வேதி முன்சுத்திகரிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளுக்காக 1990-களில் எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பையும் பெர்ரஸ் சல்பேட்டையும் போட்டு நிறத்தையும் துகளையும் அகற்றின. அந்த வேலையை அவை செய்யவே செய்தன. ஆனால் சாயமேற்ற விட்ட உப்பு அப்படியே நொய்யலுக்குப் போனது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. உப்பை நீக்க எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் இயந்திரங்களும் வேண்டியிருந்தன. நீரில் கரைந்த உப்பை மீட்க எவ்வளவு பணமும் மின்சாரமும் வேண்டும் என்பதை அந்த ஊர் அப்போதுதான் கண்டது.

ஒரு சிறு ஒயின் ஆலையைத் திருப்பூரோடு ஒப்பிடுவது மிகையாகாதா என்று கேட்பார்கள். அளவில் இரண்டும் ஒன்றல்ல. நொய்யல் படுகையில் நூற்றுக்கணக்கான பட்டறைகள், இங்கே விரல்விட்டு எண்ணும் ஆலைகள். ஒப்பிடுவது அளவை அல்ல, நிகழும் முறையை. நிறம் போனது, துகள் போனது, உப்பு நின்றது, நிலம் கெட்டது. சிறிய ஆலையின் நீர் ஆறு முழுவதையும் கெடுக்காது. ஆனால் அது ஒவ்வொரு நாளும் அதே ஏக்கரில் பாய்கிறது. கேடு ஒரு தோட்டத்தின் அளவில் நிகழ்ந்தாலும், அந்தத் தோட்டக்காரருக்கு அது முழுக் கேடு. தொழில் சிறிதாக இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது என்பதும் திருப்பூர் தரும் பாடம்தான்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, நுண்ணுயிர்த் தொட்டி பெரிய ஆலைகளுக்கே ஆகும், பருவத்தில் மட்டும் ஓடும் சிறு ஆலைக்கு வேதி முறையே கைகொடுக்கும் என்பது. ஐரோப்பாவில் இந்த வாதம் பொருந்தும். அங்கே திராட்சை ஆண்டுக்கு ஒரு முறை அறுவடையாகும், சில வாரங்களில் சுமை முழுதும் வந்து விழும், மற்ற மாதங்களில் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும், குளிரும் சேரும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாறுவதால் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது. மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு உகந்த வெப்பம் 30 முதல் 37 பாகை. பள்ளத்தாக்கின் தரையில் அதற்காக நீரைச் சூடாக்க வேண்டிய நாள்கள் மிகக் குறைவு. நெதர்லாந்தின் வாகனிங்கனில் லெட்டிங்காவும் அவர் குழுவினரும் 1970-களில் உருவாக்கிய யு.ஏ.எஸ்.பி. என்னும் மேல்நோக்குப் பாய்வுக் காற்றில்லாத் தொட்டி, குளிர்நாட்டில் பிறந்தாலும் வெப்ப நாடுகளில்தான் அதிகம் பரவியது. கங்கைச் செயல்திட்டத்தின்கீழ் கான்பூர் ஜாஜ்மவில் 1989-இல் அது நகரக் கழிவுநீருக்கே பயன்படுத்தப்பட்டது. நகரச் சாக்கடையைவிடப் பல மடங்கு சர்க்கரைச் செறிவுள்ள நொதிநீர் அதற்கு இன்னும் ஏற்றது. தட்பவெப்பமும் பயிர்முறையும் உயிரியல் வழிக்கு இவ்வளவு துணையாக இருக்கும் இடத்தில் மருந்து மூட்டையை முதல் துணையாகக் கொள்ள வேண்டியதில்லை.

இந்த விடை மலைமேல் காப்பிக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். காப்பிப் பழம் அலசும் காலம் ஆண்டில் சில மாதங்களே. அப்போது மலையில் குளிர், இடம் சரிவு. பழத்தின் கொழகொழப்பில் உள்ள சர்க்கரையும் பெக்டினும் விரைவில் புளித்து நீரை பி.ஹெச். 4-க்கு இறக்கிவிடும். அந்த நீர் ஓடையில் விழுந்தால் கொட்டகுடியின் மேல்மடையிலேயே மீன் மூச்சுத்திணறும். இங்கே சுண்ணாம்பு நியாயமான மருந்து. அது விட்டுச்செல்வது கால்சியம், மலையின் அமில மண்ணுக்கு அது கேடு செய்யாது. ஆனால் அளவு வேண்டும்: சுண்ணாம்பு மிஞ்சினால் பி.ஹெச். 11-க்கு மேல் ஏறி, புளிப்பு நீருக்குப் பதில் கார நீர் போகும். புளித்த நிலையில் பெக்டின் தானாகவே திரண்டு மேலே வரும் என்பதால், முதலில் அந்த ஆடையை வழித்தெடுத்துவிட்டுப் பிறகு சுண்ணாம்பு சேர்ப்பது மருந்தை மிச்சப்படுத்தும். நீர் குறைவாகச் செலவிடும் அலசு இயந்திரங்களும் தோலை நீரில் தள்ளாமல் உலர்நிலையில் தள்ளும் முறையும் அதைவிடப் பெரிய மிச்சம். இடம் மாறினால் மருந்து மாறும், அளவுகோல் மாறாது.

இரண்டாவது மறுப்பு சட்டத்தை முன்வைக்கிறது. நொதித்தல் தொழிலுக்கான தேசிய வரையறை பி.ஹெச். 5.5 முதல் 9 வரை, மிதக்கும் துகள் 100 மில்லிகிராம், பி.ஓ.டி. ஆற்றுக்கு விட்டால் 30, நிலத்துக்கு விட்டால் 100 என்று சொல்கிறது. இவற்றை எட்டினால் போதாதா, சோடியத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்? போதாது. அந்த அட்டவணையில் சோடியத்துக்கு வரம்பு இல்லை என்பதாலேயே வேதி முறை மலிவாகத் தெரிகிறது: நீரிலிருந்து நீக்கியதை மட்டும் அளக்கிறோம், சேர்த்ததை அளப்பதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இயக்க இசைவாணையில் கூடுதல் நிபந்தனை விதிக்க 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் இடம் தருகிறது. பாசனத்துக்கு விடும் ஆலைகளுக்குச் சோடியம் ஈர்ப்பு விகிதத்தை அதில் சேர்ப்பது பெரிய மாற்றமல்ல. வைகை உள்ளிட்ட ஆறுகளுக்கு 5 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் தொழில்களைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டின் அரசாணை இருக்கிறதே என்றும் சொல்வார்கள். தூரம் ஆற்றைக் காக்கும், கிணற்றைக் காக்காது. அந்த ஆணை பெரிய மாசுத் தொழில்களை மனத்தில் கொண்டது. பழச்சாறும் காப்பி அலசலும் போன்ற சிறு தொழில்கள் ஊருக்குள்ளேயே நடப்பவை.

மூன்றாவது மறுப்பு செலவைப் பற்றியது. காற்றில்லாத் தொட்டி கட்ட முதலீடு வேண்டும், படிகாரம் போட ஒரு பீப்பாயும் ஒரு ஆளும் போதும். தொடக்கச் செலவில் இது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாதமும் வாங்கும் மருந்து, கசடு அகற்றும் கூலி, இழந்த எரிவாயு, இழந்த தீவனம் ஆகியவற்றைக் கூட்டினால் மலிவு எது என்பது மாறும். மண் இறுகிய தோட்டத்தில் ஜிப்சம் போட்டுச் சீர்திருத்தும் செலவு எந்த ஆலையின் கணக்கிலும் வராது, அதை விவசாயிதான் கட்டுகிறார். ஒருவர் மிச்சம் பிடித்து இன்னொருவர் கட்டும் செலவை மலிவு என்று சொல்ல முடியாது. முதலீட்டுச் சுமை உண்மையானது என்பதால், சிறு ஆலைகள் பல சேர்ந்து ஒரு பொதுத் தொட்டி வைப்பதற்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியே மானியம் பெறுவதற்கும் வழி செய்ய வேண்டும்.

வரிசை மாற வேண்டும்

இவற்றிலிருந்து வரும் நடைமுறை, ஒரு வரிசை மாற்றம். முதல் வேலை ஆலைத் தரையில்: சிந்துவதைத் தடுப்பது, மண்டியைத் தனியே வடிப்பது, சக்கையை நீரால் தள்ளாமல் வாரி எடுப்பது. இரண்டாவது, ஒரு நாள் நீர் முழுவதையும் தாங்கும் சமன்படுத்தும் தொட்டி. புளித்த அலசலும் காரக் கழுவலும் அங்கே ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும், மருந்தில் கணிசமான பங்கு அப்போதே மிச்சம். மூன்றாவது, எஞ்சிய புளிப்புக்குச் சுண்ணாம்போ மக்னீசியம் ஹைட்ராக்சைடோ. எஞ்சிய காரத்துக்கு, கந்தக அமிலத்துக்குப் பதில் நொதித்தலில் வீணாகப் போகும் கரியமில வாயு. ஆயிரம் லிட்டர் சாறு நொதிக்கும்போது ஏறத்தாழ 98 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு கிலோ காஸ்டிக்கைத் தணிக்க 1.1 கிலோ போதும். சோடியத்தை அது குறைக்காது, ஆனால் சல்பேட்டைத் தவிர்க்கும். நான்காவது, நுண்துகள் இன்னும் இருந்தால் ஜாடிச் சோதனை செய்து, தேவையான குறைந்த அளவு திரட்டுப்பொருள். ஐந்தாவது காற்றில்லாத் தொட்டி. அங்கே சுத்தமான நீரில் ஒரு பங்கை முன்னால் திருப்பி விட்டால் அதிலுள்ள பைகார்பனேட்டே புதிய புளிப்பைத் தாங்கிக்கொள்ளும், சுண்ணாம்பும் குறையும். பிறகு காற்றூட்டல், பிறகு நிலம். வேதிப்பொருள் இந்த வரிசையில் எங்கும் மறுக்கப்படவில்லை. தனக்கு முன் செய்யக்கூடிய எல்லாம் செய்யப்பட்ட பிறகே அது வருகிறது.

இதை நிலைநிறுத்த வேண்டிய அமைப்புகள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பொட்டாசியம் கலந்த நீரை எந்தக் கொடி எவ்வளவு தாங்கும், எந்த மண்ணில் எந்த ஆழத்தில் சோடியம் தங்குகிறது, முருங்கை விதை ஆலை அளவில் எவ்வளவு வேலை செய்கிறது என்பன அவர்கள் வயலிலேயே விடை காணக்கூடிய கேள்விகள். வாரியம் தன் பங்குக்கு ஒரு எளிய பதிவேட்டைக் கேட்கலாம்: ஆண்டில் எத்தனை கிலோ காஸ்டிக், எத்தனை கிலோ படிகாரம், எத்தனை கிலோ அமிலம் வாங்கப்பட்டது. நீர் மாதிரி ஒரு நாளின் நிலையைச் சொல்லும். கொள்முதல் பதிவேடு ஆண்டு முழுவதும் நிலத்துக்குப் போன உப்பைச் சொல்லும். பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த மண்ணாலும் இந்த நீராலும்தான். அந்தப் பழத்தைப் பதப்படுத்தும் தொழில் அந்த மண்ணைக் கெடுக்குமானால் தன் மூலப்பொருளையே கெடுத்துக்கொள்கிறது. எனவே ஒரு மூட்டை மருந்தை வாங்குமுன் ஆலைக்காரரும் அதிகாரியும் கேட்க வேண்டிய கேள்வி, இது நீரை எவ்வளவு தெளியவைக்கும் என்பதோடு நின்றுவிடக் கூடாது. வேலை முடிந்த பின் இது எந்த வடிவில், யார் வயலில், யார் கிணற்றில் இருக்கும் என்பதற்கும் பதில் தெரிந்த பிறகே அந்த மூட்டை ஆலைக்குள் வர வேண்டும்.